மாதந்தோறும் கழியும் பணம்: வேண்டாத சந்தாவை நிறுத்துவது எப்படி?

(தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் தகவல் இலாகா அதிகாரி ஆற்றிய உரை)



சம்பளத்தில் பணம் பிடிப்பது என்பது தோட்டத்தில் வளர்ந்த நமக்குப் புதிய செய்தியன்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, செக்ரோலில் பெயர் பதிந்து, மாத முடிவில் சம்பளம் வாங்கிய காலத்திலேயே, உழைத்தது எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று மூன்று கணக்கும் பார்த்துத்தான் நம் பெற்றோர் குடும்பம் நடத்தினர். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள்கூட, "இந்தப் பிடித்தம் எதற்கு?" என்று கிராணியாரிடம் கேட்கத் தயங்கியதில்லை.

அவ்வாறு கேட்பதற்குச் சட்டமும் துணை நின்றது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 24ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சட்டம் அனுமதித்தவற்றைத் தவிர வேறெந்தத் தொகையையும் தொழிலாளியின் சம்பளத்தில் முதலாளி பிடிக்கலாகாது என்பது அதன் சாரம். நம் நலனுக்காகவே இயங்கும் தொழிற்சங்கத்தின் சந்தாவைக்கூடத் தொழிலாளி எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால்தான் பிடிக்கலாம். அனுமதி தொழிலாளியின் கையில் இருந்தது.

இன்று நாம் பேசவிருப்பது வேறொரு பிடித்தத்தைப் பற்றியதாகும். இது செக்ரோலில் வருவதில்லை, கிராணியாருக்கும் தெரியாது. வங்கி அட்டையிலிருந்து மாதந்தோறும், நாம் உறங்கும் நேரத்தில்கூட, பத்து வெள்ளி, பதினைந்து வெள்ளி, முப்பது வெள்ளி என்று கழிந்துகொண்டே இருக்கும் சந்தாத் தொகைதான் அது. வேண்டாம் என்று எண்ணிய பிறகும், பயன்படுத்துவதை நிறுத்திய பிறகும், சில வேளைகளில் அப்படி ஒன்றில் சேர்ந்ததே நினைவில் இல்லாத நிலையிலும், இந்தத் தொகை கழிந்துகொண்டிருக்கும். இதனை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு நிறுத்துவது, போன பணத்தில் எதனைத் திரும்பப் பெறலாம் என்பவற்றை வரிசையாகக் காண்போம்.

அனுமதி எங்கே கொடுத்தோம்?

முன்பெல்லாம் தோட்டத்துக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கினால், கடைக்காரர் 555 என்று அச்சிட்ட சிறு புத்தகத்தில் எழுதுவார். நாம் கடைக்குப் போய்ச் சாமான் எடுத்தால்தான் புத்தகத்தில் ஒரு வரி ஏறும். போகாத நாளில் எழுத அவருக்கு உரிமையில்லை. அட்டைச் சந்தாவோ இதற்கு நேர்மாறானது. நாம் கடைப் பக்கமே போகாவிட்டாலும் புத்தகத்தில் வரி ஏறிக்கொண்டிருக்கும். "இனி எழுதாதே" என்று நாம் சொல்லும் வரை அது நிற்காது.

அந்த உரிமையை வணிகருக்குக் கொடுத்தவர் யார்? பெரும்பாலும் நாமேதான். கைப்பேசியில் ஒரு செயலியைத் திறக்கிறோம். "ஏழு நாள் இலவசம்" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் வருகிறது. இலவசத்துக்கு எதற்காக அட்டை எண் என்று நாம் கேட்பதில்லை, எண்ணைக் கொடுத்துவிடுகிறோம். இலவச நாள்கள் முடிந்ததும் மாதந்தோறும் இன்ன தொகை வசூலிக்கப்படும் என்பது அதே திரையில் சிறிய எழுத்தில் இருக்கும். பொத்தானை அழுத்திய அந்த நொடியிலேயே, தொழிற்சங்கச் சந்தாவுக்குக் கையெழுத்திட்டது போன்ற ஓர் அனுமதியை நாம் கொடுத்துவிட்டோம். திரைப்படம் பார்க்கும் சேவை, பாட்டுக் கேட்கும் சேவை, பிள்ளைகளின் விளையாட்டு, புகைப்படங்களைச் சேமித்து வைக்கும் இடம், உடல் மெலிவதற்கான மாத்திரை, பட்டணத்து உடற்பயிற்சி நிலையம் ஆகிய பலவும் இன்று இம்முறையில்தான் பணம் பெறுகின்றன.

இம்முறை முழுவதும் தீயது என்று நாம் கூறவில்லை. மின்சாரக் கட்டணத்தையும் காப்புறுதித் தவணையையும் நாள் தவறாமல் செலுத்த இது பெரிதும் உதவுகிறது. நாம் விரும்பிப் பயன்படுத்தும் சேவைக்குச் சந்தா கட்டுவதிலும் குற்றமில்லை. விரும்பாததற்கும் பயன்படுத்தாததற்கும் கட்டுவதே வீண்.

"கடன் அட்டை நமக்கு ஏது?" என்று சிலர் எண்ணக்கூடும். ஆண்டுக்கு 24,000 வெள்ளிக்குக் குறையாத வருமானம் உள்ளவருக்கே கடன் அட்டை வழங்கலாம் என்பது 2011ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா வகுத்த விதியாகும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் பெறுபவருக்கு ஆண்டு வருமானம் 20,400 வெள்ளிதான். ஆயினும் இப்பேச்சு அவருக்கும் உரியதே. சம்பளப் பணத்தை இயந்திரத்தில் எடுப்பதற்கு நாம் வைத்திருக்கும் டெபிட் அட்டையிலும் இதே சந்தா ஏறலாம். கடன் அட்டையிலாவது தொகை முதலில் பில்லில் வரும். கட்டுமுன் கேள்வி கேட்க நேரமுண்டு. டெபிட் அட்டையிலோ பணம் சேமிப்புக் கணக்கிலிருந்து அப்போதே போய்விடும். அன்றியும், தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் இன்று கடன் அட்டை வைத்திருக்கின்றனர்; சிலர் பெற்றோருக்குத் துணை அட்டையும் எடுத்துக் கொடுத்துள்ளனர். துணை அட்டையில் ஏறும் கடன், முதன்மை அட்டை வைத்திருப்பவரின் பொறுப்பாகவும் ஆகிவிடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சிறு தொகை என்று எண்ணலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் அட்டையில் மாதந்தோறும் 9 வெள்ளி 90 காசு ஒன்று, 14 வெள்ளி 90 காசு ஒன்று, 29 வெள்ளி 90 காசு ஒன்று என மூன்று வேண்டாத சந்தாக்கள் கழிவதாக வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு 54 வெள்ளி 70 காசு. ஆண்டுக்கு 656 வெள்ளி 40 காசு. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்து 1,700 வெள்ளி பெறுபவரின் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு ஆகும். அப்படியானால், அக்குடும்பத் தலைவர் ஆண்டில் பத்து நாள், தாம் முகம் காணாத யாரோ ஒரு வணிகருக்காகப் பால்வெட்டுகிறார். செம்பனைக் குலை அறுக்கிறார். பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளைகளின் சீருடைக்கும் காலணிக்கும் புத்தகப் பைக்கும் ஆகும் பணம் இவ்வாறு சந்தடியின்றிப் போய்விடுகிறது.

வெளிநாட்டு நிறுவனம் அந்நிய நாணயத்தில் விலை கூறியிருந்தால், நாணய மாற்றுக்குரிய கட்டணமும் சேரும். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் சேவை வரியும் உண்டு. தொடக்கத்தில் 6 விழுக்காடாக இருந்த அது, 2024ஆம் ஆண்டு மார்ச்சில் 8 விழுக்காடாக உயர்ந்தது. பில்லை முழுமையாகக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருபவருக்கு, எஞ்சிய கடனின் மீது ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டியும் ஏறும். பயன்படுத்தாத சேவைக்குச் சந்தாவும் கட்டி, அந்தச் சந்தாவுக்கு வட்டியும் கட்டும் நிலை நமக்கு வேண்டுமா?

பணத்தினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. கணக்கில் பணம் குறைந்தது தெரிந்ததும் வீட்டில் சந்தேகம் புகுகிறது. "நீ எடுத்தாயா, நான் எடுத்தேனா?" என்று கணவனும் மனைவியும் முகம் திருப்பிக்கொள்கின்றனர், ஒன்றும் அறியாத பிள்ளை அடி வாங்குகிறான். பொத்தானை அழுத்தியவருக்கு உண்மை தெரிந்தாலும், "நாம்தானே தொட்டோம், வெளியில் சொன்னால் சிரிப்பார்களே" என்று வாயை மூடிக்கொள்கிறார். ஆங்கிலம் தெரியாதே என்ற கூச்சமும் சேர்ந்துவிடுகிறது. இந்த மௌனத்தால்தான் வேண்டாத சந்தா ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது.

ஆகவே ஒன்றை மனத்தில் உறுதியாகப் பதித்துக்கொள்வோம். அனுமதி கொடுத்தது நாமாகவே இருக்கலாம்; அதைத் திரும்பப் பெறும் உரிமையும் நமக்கு உண்டு. அந்த உரிமையைச் சரியான வரிசையில், சான்றோடு, காலத்தில் பயன்படுத்த வேண்டும். அவ்வளவே.

முதற்படி: அறிக்கையை வரிவரியாகப் பார்த்தல்

மாதந்தோறும் வங்கி அனுப்பும் கணக்கு அறிக்கையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாளில் வராதவர்கள் வங்கியின் செயலியிலோ இணையத்தளத்திலோ பார்க்கலாம். கடைசி மூன்று மாத அறிக்கைகளை அருகருகே வைத்து, ஒரே பெயர், ஒரே தொகை, ஏறக்குறைய ஒரே தேதி என்று திரும்பத் திரும்ப வரும் வரிகளுக்கெல்லாம் சிவப்பு மையால் கோடிடுங்கள். அவையே சந்தாக்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கழியும் சந்தாக்களும் உண்டாகையால், ஆண்டில் ஒரு நாள் பன்னிரண்டு மாத அறிக்கைகளையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

கோடிட்ட ஒவ்வொன்றையும் குடும்பத்தார் அனைவரும் உடனிருக்கும்போது விசாரியுங்கள். அறிக்கையில் வரும் பெயர், நமக்குத் தெரிந்த கடைப்பெயராக இராமல், அதன் தாய் நிறுவனத்தின் பெயராகவோ பணம் வசூலித்துக் கொடுக்கும் இடைநிறுவனத்தின் பெயராகவோ இருக்கக்கூடும். உடனே திருட்டு என்று முடிவு கட்டாமல், அப்பெயரையும் தொகையையும் கொண்டு மின்னஞ்சலில் பழைய பற்றுச்சீட்டுகளைத் தேடுங்கள், பிள்ளைகளையும் கேளுங்கள். அதட்டாமல் கேட்டால்தான் பிள்ளை உண்மையைச் சொல்லும்.

விசாரித்ததில் எவரும் சேரவில்லை, அட்டை எண்ணை எங்கும் கொடுக்கவில்லை என்று உறுதியானால், அது சந்தா அன்று, மோசடி. மோசக்காரர்கள் முதலில் ஓரிரு வெள்ளி எடுத்துப் பார்த்து, அட்டை வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகே பெருந்தொகையில் கை வைப்பார்கள். எனவே சிறு தொகை என்று விட்டுவிடாமல், அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியை உடனே அழைத்து, அட்டையை முடக்கச் சொல்லுங்கள். மோசடியில் பணம் இழந்தோர் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணையும் தாமதமின்றி அழைக்க வேண்டும். இம்மையம் 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

இரண்டாம் படி: வணிகரிடம் ரத்து செய்தல்

சந்தாதான் என்று தெரிந்தால், முதலில் அதை விற்றவரிடமே நிறுத்த வேண்டும். பலர் இங்கே தவறான வழியில் செல்கின்றனர். கைப்பேசியிலிருந்து செயலியை அழித்துவிட்டால் சந்தாவும் அழிந்துவிடும் என்று எண்ணுகின்றனர். அவ்வாறன்று. செயலியை அழிப்பது கடைக்குப் போகாமல் இருப்பதைப் போன்றது. கணக்குப் புத்தகம் கடைக்காரரிடம் திறந்தே இருக்கும்.

ஆண்டிராய்டு கைப்பேசியில் கூகுள் பிளே கடையைத் திறந்து, மேல் மூலையில் உள்ள நம் படத்தையோ எழுத்தையோ தொட்டால், கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதி வரும். அதனுள் சந்தாக்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். வேண்டாததைத் தொட்டு ரத்து செய்யலாம். ஆப்பிள் கைப்பேசியில் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, மேலே உள்ள நம் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் என்ற வரி தென்படும். இலவச நாள்கள் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் ரத்து செய்ய வேண்டும் என்று ஆப்பிள் கூறுகிறது. ஒரு சந்தாவை ரத்து செய்தால், ஏற்கெனவே பணம் கட்டிய நாள்கள் முடியும் வரை பெரும்பாலும் அதைப் பயன்படுத்தலாம். ஆதலால் கடைசி நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. வேண்டாம் என்று தோன்றிய அன்றே ரத்து செய்துவிடலாம்.

இவ்விரு கடைகளின் வழியாக அல்லாமல் இணையத்தளத்தில் நேராகச் சேர்ந்த சந்தாவை அத்தளத்தில் உள்ள நம் கணக்கிற்குள் சென்றே நிறுத்த வேண்டும். நிறுத்தும் பொத்தான் எளிதில் கண்ணில் படாது. "போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்" என்று இரண்டு மூன்று திரைகள் குறுக்கே வரும். அசையாமல் கடைசித் திரை வரை செல்லுங்கள். பொத்தானே இல்லையென்றால், நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், பேச்சுக்குச் சான்றில்லை.

ரத்து உறுதியானது என்று காட்டும் திரையைப் படமெடுத்து வையுங்கள். உறுதிக் கடிதத்தை அழிக்காதீர்கள். தேதியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். அடுத்த மாதமும் பணம் கழிந்தால் இவையே நம் சாட்சிகள்.

கைப்பேசியின் முன்பணத் தொகையிலிருந்து ஐந்து இலக்க எண் ஒன்று பாட்டும் ராசிபலனும் அனுப்பிக் காசு பிடிப்பதும் இதே வகையைச் சேர்ந்ததே. அவ்வெண்ணுக்கே ஆங்கில எழுத்துகளில் 'ஸ்டாப்' என்று அனுப்பினால் அச்சேவை நிற்க வேண்டும். 'ஸ்டாப் ஆல்' என்று அனுப்பினால் அவ்வெண்ணில் உள்ள எல்லாச் சேவைகளும் நிற்க வேண்டும். நிற்கவில்லையெனில் முதலில் தொலைபேசி நிறுவனத்திடமும், பிறகு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடமும் 1-800-188-030 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

மூன்றாம் படி: வங்கியிடம் எழுத்து மூலம் மறுத்தல்

ரத்து செய்த பிறகும் பணம் கழிந்தாலோ, வணிகர் பதிலே தராமல் இருந்தாலோ, அடுத்ததாக நாட வேண்டியது அட்டை வழங்கிய வங்கியையே. அட்டைக் கட்டணம் ஒன்றை ஏற்க மறுத்து, அதனைத் திரும்ப வரவு வைக்குமாறு கேட்கும் முறை விசா, மாஸ்டர்கார்டு அமைப்புகளின் விதிகளிலேயே உள்ளது. ரத்து செய்த சந்தாவுக்குத் தொடர்ந்து வசூலிப்பது அவ்விதிகள் ஏற்கும் காரணங்களில் ஒன்றாகும். அன்றியும், இலவசத்தில் தொடங்கும் சந்தாவை விற்பவர், இலவசக் காலம் முடியுமுன் வாடிக்கையாளருக்கு நினைவூட்ட வேண்டும், இணையத்திலேயே எளிதாக ரத்து செய்யும் வழி வைக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் விசா விதித்துள்ளது. நினைவூட்டல் வரவில்லையெனில் அதனையும் வங்கியிடம் தெரிவிக்கலாம்.

இதற்குக் கெடு உண்டு. தவறான வரியை இத்தனை நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வங்கியும் தன் அறிக்கையில் அச்சிட்டிருக்கும். அது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களே. எனவே அறிக்கை வந்த வாரத்திலேயே செயற்படுங்கள். ஆறு மாதம் கழித்து விழித்தால் முதல் மாதங்களின் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினமாகும்.

வங்கியில் இதற்கென மறுப்புப் படிவம் உண்டு. கடிதமாக எழுதுவோர் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். அதில் இருக்க வேண்டிய செய்தி இவ்வளவே:

"இன்ன நான்கு எண்களில் முடியும் என் அட்டையில், இன்ன தேதியில், இன்ன பெயரில், இத்தனை வெள்ளி வசூலிக்கப்பட்டுள்ளது. இச்சந்தாவை நான் இன்ன தேதியில் ரத்து செய்துவிட்டேன். அதற்கான சான்றின் நகலை இணைத்துள்ளேன். இவ்வசூலை நான் ஏற்கவில்லை. தொகையைத் திரும்ப வரவு வைக்குமாறும், இந்த வணிகர் இனிமேல் வசூலிப்பதைத் தடுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

எழுத இயலாதவர்கள் பட்டணத்தில் இருக்கும் பிள்ளையையோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ நாடலாம்; அதில் இழிவொன்றுமில்லை. கடிதத்தில் அட்டையின் கடைசி நான்கு எண்களுக்கு மேல் எழுதக்கூடாது. புகாரின் பதிவெண்ணைக் கேட்டுப் பெறுவதும், பேசிய அதிகாரியின் பெயரைக் குறித்துக்கொள்வதும் அவசியம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, மறுத்த தொகை இருக்கிறது என்பதற்காகப் பில் முழுவதையும் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். மற்ற தொகையை உரிய தேதியில் கட்டாவிடின் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறும். நியாயம் நம் பக்கம் இருந்தும் குற்றம் நம் மேல் வரும். மற்றொன்று, புது அட்டை வாங்கிவிட்டால் பழைய சந்தா தானாக நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். அட்டை மாறும்போது புதிய எண்ணைச் சந்தா வணிகர்களுக்குத் தாமாகத் தெரிவிக்கும் ஏற்பாட்டை விசாவும் மாஸ்டர்கார்டும் நடத்துகின்றன. வணிகரிடம் ரத்து செய்யாத சந்தா புதிய அட்டையிலும் தொடரக்கூடும்.

நான்காம் படி: மேலிடத்தில் முறையிடல்

வங்கியின் பதில் திருப்தி தரவில்லையெனில், அவ்வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதி இறுதி முடிவை எழுத்தில் கேளுங்கள். அதுவும் பாதகமானால், எஃப்.எம்.ஓ.எஸ். எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை நாடலாம். முன்பு நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளர் என்றிருந்த அமைப்பும், பங்குத் தொழில்துறைத் தகராறு தீர்க்கும் மையமும் ஒன்றிணைந்து, 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து இப்பெயரில் இயங்கி வருகின்றன. புகார் செய்யும் பொதுமக்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. வங்கியின் இறுதி முடிவு கிடைத்த ஆறு மாதத்திற்குள் செல்ல வேண்டும். எவ்விடம் செல்வது என்று தெரியாதவர்கள் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணை அழைத்து வழி கேட்கலாம்.

குற்றம் வங்கியின் மீதன்றி வணிகரின் மீது என்றால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் இடையில் ரத்து செய்ய அச்சட்டம் இடமளிக்கிறது. உடற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டுக்குக் கையெழுத்திட்ட இளைஞர், வேலை மாறி ஊர் மாறியபின் எஞ்சிய மாதங்களின் முழுத்தொகையையும் கட்டியே தீரவேண்டும் என்று வணிகர் மிரட்டினால், அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அதே சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை 5 வெள்ளி கட்டணத்தில் பதிவு செய்யலாம். அங்கே வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. நம் சொல்லும் சான்றுமே போதும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். இந்நாட்டிலே வியாபாரம் செய்பவரிடம் இவ்வழி பலன் தரும். கடல் கடந்த நாட்டிலிருந்து வசூலிப்பவரிடம் நமக்கு வங்கி வழியே வலிமையானது.

இத்தனைக்கும் நடுவில், "உங்கள் சந்தாப் பணத்தைத் திருப்பித் தருகிறோம், டி.ஏ.சி. எண்ணைச் சொல்லுங்கள்" என்று எவரேனும் அழைத்தால், உடனே தொடர்பைத் துண்டியுங்கள். பணம் திருப்பித் தருபவருக்கு நம் இரகசிய எண் தேவைப்படுவதில்லை. பணம் எடுப்பவருக்கே அது தேவை.

இனி வருமுன் காப்போம்

வெள்ளம் வருமுன் அணை போடுவது நம் வழக்கம். இலவசம் என்று ஒன்றில் சேர்ந்தால், சேர்ந்த அன்றே முடிவுத் தேதியைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் கைப்பேசியில் அட்டை எண்ணைப் பதிந்து வைக்காதீர்கள். ஒவ்வொரு வாங்குதலுக்கும் இரகசியச் சொல் கேட்கும்படி அமைத்து வையுங்கள். அட்டையில் ஒவ்வொரு முறை பணம் கழியும்போதும் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி வங்கியிடம் ஏற்பாடு செய்யுங்கள். இணையத்தில் வாங்கும் பழக்கம் இல்லாதவர்கள், டெபிட் அட்டையில் இணைய வாணிப வசதியையும் வெளிநாட்டு வசதியையும் மூடி வைக்குமாறு வங்கியைக் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தில் ஒரு சந்தாப் பட்டியல் வைத்திருங்கள். பெயர், தொகை, கழியும் தேதி, சேர்ந்தவர் யார் என்ற நான்கு பத்திகள் போதும். வீட்டுத் தலைவர் திடீரென நோயுற்றாலோ காலமானாலோ, அவர் பெயரில் என்னென்ன கழிகிறது என்று தெரியாமல் மனைவி மக்கள் தவிப்பதை அப்பட்டியல் தடுக்கும். மாதர் சங்கத்தாரும் இளைஞர் மன்றத்தாரும் மாதத்தில் ஒரு மாலை ஒன்றுகூடி, அறிக்கை படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லும் தொண்டை மேற்கொண்டால், இத்தோட்டத்தில் ஒரு குடும்பமும் ஏமாறாது. அப்படிப் படித்துச் சொல்பவர், பார்த்ததை வெளியே பேசாதவராகவும் இருக்க வேண்டும்.

அன்பர்களே, பெரட்டுக் களத்தில் நின்ற தலைமுறை, பிடித்தம் எதற்கு என்று நேருக்கு நேர் கேட்டது. நாம் கேட்க வேண்டிய இடம் இப்போது மாறியிருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் கடைசி மூன்று மாத அறிக்கைகளை எடுத்து, விளக்கடியில் குடும்பத்தோடு அமர்ந்து கோடிட்டுப் பாருங்கள். வேண்டாத ஒன்றைக் கண்டால் நாளைக்கே எழுதுங்கள்.